தப்பாக எடுத்த தூம்பா

ஏலே சகாயம், எங்கள் பிரியமுள்ள பயலே,

நம் துறைத்தலைவர் என்னிடம் ஒரு கடிதம் கேட்டிருக்கிறார். உங்கள் ஊர்க் கோவில் கமிட்டிக்கு, என் கையெழுத்தோடு, ஒரு மன்னிப்புக் கடிதம். அதை எழுதத்தான் போன வாரம் ஒரு நாள் விடுதி அறையில் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று மட்டும் எழுதினேன். அந்தத் தாளை அன்றே கசக்கிப் போட்டேன்; இப்போது இதை உனக்கு எழுதுகிறேன்.

இதை நம் பையன்கள் நடத்தும் பத்திரிகைக்குக் கொடுக்கப் போகிறேன். அதனால் உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் மற்றவர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள். உன் ஊர்ப் பெயரை மட்டும் எழுதவில்லை. உன் அம்மா அங்கேதான் இருக்கிறாள் என்பது ஒரு காரணம். பெயரை எழுதினால், ‘ஓ, அந்த ஊரா, அங்கே அப்படித்தான்’ என்று மற்ற ஊர்கள் எல்லாம் தப்பித்துக்கொள்ளும் என்பது இன்னொரு காரணம்.

முதலில் சேதிகள். நீ அடிபட்ட இடத்தில் இப்போது வேகத்தடை போட்டிருக்கிறார்கள். துறைமுகச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் அந்த இடத்தில் மட்டும் ஒரு மூச்சு நின்று, பிறகு பழைய வேகத்திலேயே போகின்றன. ஐப்பசி மழை இறங்கிவிட்டது. உப்பளங்களில் இந்த வருஷத்து வேலை முடிந்துவிட்டது. உன் அம்மா வீட்டில்தான் இருக்கிறாள். நஸீர் இன்னும் மத்தியானச் சாப்பாட்டுக்கு உன் இடத்தை விட்டுத்தான் உட்காருகிறான். போன வாரம் ஜூனியர் பையன் ஒருவன் தெரியாமல் அங்கே உட்கார்ந்துவிட்டான். நஸீர் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

நாம் ஏன் இந்தப் படிப்பில் சேர்ந்தோம், சகாயம்? எனக்கு வேறு எதிலும் இடம் கிடைக்கவில்லை. நஸீருக்கு அவன் வாப்பாவோடு சண்டை. நீ ஒருவன்தான் விண்ணப்பத்தில் சமய ஒப்பியலை முதல் விருப்பமாகப் போட்டுச் சேர்ந்தவன். ஏன் என்று கேட்டபோது, “எல்லா மதமும் எப்படி இருக்குன்னு பாத்துட்டு, நல்லதா ஒண்ணைப் பொறுக்கலாம்லா” என்று சிரித்தாய். நாங்கள் அதை வேடிக்கை என்று நினைத்தோம்.

அந்த வகுப்பு உனக்கு நினைவிருக்கும். ‘உலகச் சமயங்களில் இறப்புச் சடங்குகள்.’ துறைத்தலைவர் சார் திரையில் ஒரு அட்டவணையைப் போட்டார். பார்சிகள் பிணத்தைக் கழுகுகளுக்கு விடுவார்கள். திபெத்தில் மலைமேல் கொண்டுபோய் வைப்பார்கள். நம்மில் யாரும் ஒரு பார்சியைக் கண்ணால் பார்த்ததில்லை, ஆனாலும் அவர்கள் பிணத்தை என்ன செய்வார்கள் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதுவோம். கிறிஸ்தவம் என்ற கட்டத்துக்கு நேராக ஒரே ஒரு சொல் இருந்தது: அடக்கம். நீ கையைத் தூக்கினாய்.

“சார், ஒரே கோவிலுக்குள்ளயே ரெண்டு மாதிரி அடக்கம் இருந்தா, அதை எந்தக் கட்டத்துல எழுதணும்?”

“டினாமினேஷன் டிஃபரன்ஸைச் சொல்றியா? கத்தோலிக், புராட்டஸ்டன்ட்?”

“இல்ல சார். ஒரே கோவில்தான்.”

“அப்படின்னா அது ரிலிஜன் இல்லப்பா, சோசியாலஜி. அந்த டிபார்ட்மென்ட் மாடியில இருக்கு.”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். “சும்மா கேட்டேன் சார்” என்று உட்கார்ந்துவிட்டாய். டீக்கடையில் நஸீர் உன்னை விடவில்லை. “என்னல அது, ரெண்டு மாதிரி?” என்று குடைந்தான். “ஒண்ணுமில்லல. மாடிக்குப் போகச் சொல்லிட்டாரு, லிஃப்ட் இல்லியேன்னு யோசிக்கேன்” என்றாய். உன் வாய்க்கு முன்னால் யார் நிற்க முடியும்? பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடாதா? ஒரே தட்டில் தின்ற எங்களிடம் கூடச் சொல்ல முடியாத அளவுக்கு அது என்ன? வெட்கமா? எங்கள் மேல் நம்பிக்கை இல்லையா? இல்லை, எங்களோடு இருக்கும் நேரத்திலாவது அது இல்லாமல் இருக்கலாம் என்று நினைத்தாயா?

திருவிழாவுக்கு எங்களைக் கூட்டிப் போனாயே. மாதா சப்பரம் பெரிய தெருவில் ஆடி அசைந்து வந்தது. உங்கள் தெரு முக்குக்கு வந்ததும் நின்று, திரும்பிப் போய்விட்டது. உங்கள் தெருப் பெண்கள் முக்கிலேயே மெழுகுவர்த்தியோடு நின்று கும்பிட்டார்கள். “ஏன்ல உங்க தெருவுக்குள்ள வரல?” என்று கேட்டேன். “தெரு சின்னதுல, சப்பரம் திரும்பாது” என்றாய். நம்பினேன். அதே தெருவுக்குள் உப்பு லாரி போய், லோடு ஏற்றி, திரும்பி வருவதை உன் அடக்கத்தன்றுதான் பார்த்தேன்.

ஆடிக் காற்று பேய்த்தனமாக அடித்த நாள் அது. அரசு ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்து, வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். உன் மாமாவும் நஸீரும் நானும் உன்னோடு வண்டியில் வந்தோம். அம்மாவைப் பெண்கள் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் கண்ணுக்கு நீயும் தெரியவில்லை, நாங்களும் தெரியவில்லை. உங்கள் தெருப் பையன்கள் குழி வெட்டப் போயிருந்தார்கள். மாமா எங்களைப் பார்த்து, “தம்பிகளா, கோவிலுக்குப் பின்னால ஷெட்டுல தூம்பா இருக்கும், எடுத்துட்டு வந்துருங்க மக்கா” என்றார்.

தூம்பா என்றால் என்ன என்றே அன்றுதான் தெரிந்துகொண்டோம். செத்தவரைக் கிடத்திக் கோவிலுக்கும் கல்லறைக்கும் சுமந்து போகிற பொதுப் பெட்டி. குழிக்குப் போனதும் உடல் கீழே இறங்கும், பெட்டி கோவிலுக்குத் திரும்பும். சுடுகாட்டையும் இடுகாட்டையும் உலகம் முழுக்கப் படித்த எங்களுக்கு, ஒரு பஸ் தூரத்தில் இருக்கும் இந்தப் பெட்டியின் பெயர் தெரியாது.

ஷெட் திறந்துதான் கிடந்தது. கோவில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் மணி அடிக்கப் போயிருந்தார். முன்னால் ஒரு தூம்பா நின்றது. தேக்கு, பித்தளைச் சிலுவை, உள்ளே கருநீல வெல்வெட், ஓரத்தில் வெள்ளிச் சரிகை. பின்னால், சுவரோடு சுவராக, சாக்குப் போட்டு மூடி இன்னொன்று கிடந்தது. வெறும் பலகை, ஒரு கைப்பிடி உடைந்து கயிறு கட்டியிருந்தது. அது பழசு, வேண்டாம் என்று ஒதுக்கிப் போட்டது என்று நினைத்தோம். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள், அந்த ஊர்க்காரர்களைத் தவிர. முன்னால் நின்றதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

மாமா அதைப் பார்த்ததும் அவர் வாய் திறந்தது. பிறகு மூடியது. தெருமுனையை ஒருமுறை பார்த்தார். அங்கே நின்ற உங்கள் தெருக்காரர்களும் அவரையே பார்த்தார்கள். “தூக்குங்கல” என்றார் மாமா. அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது. இப்போது தெரியும். அவர் தெரிந்தேதான் சொன்னார்.

முன்னால் நான், பின்னால் நஸீர், பக்கத்துக்கு ஓர் ஆள். உன்னைத் தூக்கிக்கொண்டு உங்கள் தெரு முழுக்க நடந்தோம். சப்பரம் திரும்பிப் போன அதே முக்கில் எங்களை நிறுத்தினார்கள்.

“ஏலே, யாருல நீங்க? எறக்குங்கல தூம்பாவ.” கமிட்டித் தலைவர். பெரிய தெருக்காரர். கழுத்தில் தங்கச் சிலுவை. திருவிழா அன்று நமக்குப் பாயசம் ஊற்றிய அதே கை, அதே மோதிரம்.

“சகாயத்தோட ஃபிரண்ட்ஸ் அண்ணாச்சி” என்றேன்.

“அது எதுக்கு உள்ள தூம்பான்னு தெரியுமால உங்களுக்கு?”

“சவத்துக்கு உள்ளது அண்ணாச்சி” என்றான் நஸீர்.

“எந்தச் சவத்துக்கு?”

நஸீருக்குக் கேள்வி புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. ஒரு சவத்துக்கும் இன்னொரு சவத்துக்கும் என்ன வித்தியாசம்? தலைவர் மாமா பக்கம் திரும்பினார். “வெளியூர்ப் பயலுவளுக்குத் தெரியாது. உனக்குமால தெரியாது? எங்க அப்பன் போன தூம்பா அது. எங்க ஆத்தா போன தூம்பா. அதுல கொண்டு போட்டிருக்க!” மாமா தலையைக் குனிந்துகொண்டார். அவர் குனிந்ததை என்னால் மன்னிக்க முடிந்தது. கோவில் வாசலில், அங்கியைக் காற்று தூக்கிவிடாமல் பிடித்துக்கொண்டு நின்ற பாதரை இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. “கொஞ்சம் பொறுமையா இருங்க. ஊர் வழக்கம். பெரியவங்க சொல்றதைக் கேளுங்க” என்றார் அவர். இரண்டு படி இறங்கி வந்திருக்கலாம். இறங்கவில்லை.

உன்னை நடுரோட்டில் இறக்கி வைத்தோம். அந்த இன்னொரு பெட்டியை எடுத்து வர ஆள் போனது. அதுவரை காற்று உன்மேல் மண்ணைக் கொட்டிக்கொண்டிருந்தது. உங்கள் தெருவுக்குள்ளிருந்து உப்பு லாரி ஒன்று வெளியே வர வழியில்லாமல் ஹாரன் அடித்தது. பெரிய தெருவின் மாடியில் ஒரு பையன் செல்போனில் படம் பிடித்தான்.

பெட்டி வந்தது. நஸீர் தலைமாட்டில், நான் கால்மாட்டில். தூக்கும்போது துணி விலகி உன் கால் வெளியே வந்துவிட்டது. மார்ச்சுவரியில் கட்டிய சீட்டு பெருவிரலில் அப்படியே தொங்கியது. வெல்வெட்டிலிருந்து பலகைக்கு மாற்றினோம். உன் தலை பலகையில் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. சின்னச் சத்தம்தான்.

துறை வேனிலிருந்து இறங்கி நம் வகுப்பும் நின்றுகொண்டிருந்தது. சார் என் பக்கத்தில் வந்து காதுக்குள் சொன்னார்: “செந்தில், டோன்ட் ஆர்க்யூ. நமக்கு இந்த ஊர்லதான் வருஷா வருஷம் ஃபீல்டு ஒர்க் இருக்கு.”

அதற்குப் பிறகு கோவிலுக்குள் பாதர் உன்னைச் ‘சகோதரன்’ என்றார். இறைவனின் வீட்டில் வேற்றுமை இல்லை என்றார். ஒலிபெருக்கியில், எதிரொலியோடு. நான் எழுந்து வெளியே வந்து கோவில் சுவரோரம் வாந்தி எடுத்தேன். வெயிலில் நின்றதால் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

கல்லறையிலும் ஒரு சுவர். உங்களுக்கு அந்தப் பக்கம், தனி வாசல். குழியில் பாதி தூரத்திலேயே தண்ணீர் ஊறியிருந்தது. உப்புத் தண்ணீர். அதை இறைத்து இறைத்துத்தான் உன்னை இறக்கினார்கள்.

வேனில் திரும்பும்போது நஸீர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். எனக்கு நஸீரைச் சீண்டிப் பார்க்க வேண்டும் போலிருந்தது. “உங்க ஊர்ல எப்படில?” என்றேன்.

“எங்கள்ல சந்தூக்குன்னு சொல்லுவோம். ஊருக்கே ஒண்ணுதான். யார் மவுத்தானாலும் அதுலதான்” என்றான். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, “செத்த பொறவு ஒண்ணுதான். உசுரோட இருக்கையில பொண்ணு கேட்டுப் பாரு, எத்தனை தெருன்னு தெரியும்” என்றான்.

எங்கள் வீட்டுச் சங்கதியையும் சொல்லிவிடுகிறேன். நான் மட்டும் சுத்தம் என்று யாரும் நினைக்க வேண்டாம். திருச்செந்தூரில் அப்பாவின் கடைக்குப் போய், கூட்டம் இல்லாத நேரத்தில் நடந்ததைச் சொன்னேன். அப்பா பக்தர்களுக்கு விற்கும் சந்தனப் பொட்டலங்களை அடுக்கிக்கொண்டே கேட்டார்.

“அவனுவ வேதக்காரனுவ, ஏசுவைக் கும்பிடுதவனுவ. அது அவனுவ பாடு. நமக்கு எதுக்குல?”

“நம்ம ஊர்லயும் சுடுகாடு ரெண்டுதானப்பா?”

“அது வேற.”

“எப்படி வேற?”

“அது அங்கன இருக்கு, இது இங்கன இருக்கு.”

சொல்லிவிட்டு அடுத்த பொட்டலத்தை எடுத்தார். அவருடைய தாத்தாவை ஒரு காலத்தில் கோவிலுக்குள்ளேயே விடவில்லை என்று எனக்குச் சொன்னவர் இவர்தான். ஒருவன் வாங்கிய அடி அவனுக்கு எதையும் கற்றுக் கொடுப்பதில்லை போலிருக்கிறது. யாரை அடிக்கலாம் என்று மட்டும் கற்றுக் கொடுக்கிறது.

துறையில் உனக்கு நினைவுக் கூட்டம் நடத்தினார்கள். உன் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி, மாலை போட்டிருந்தார்கள். தேவாரம் ஒன்று, குர்ஆன் வசனம் ஒன்று, ஜெபம் ஒன்று. ‘மூன்று சமயத்து நண்பர்களின் தோளில் பயணமான நல்லிணக்கத்தின் மாணவர்’ என்று சார் பேசினார். எங்கள் தோளைச் சொல்கிறார்! எந்த முக்கு வரைக்கும் அந்தப் பயணம் என்பதைச் சொல்லவில்லை. முத்துக்குளித்துறை, ஐந்நூறு ஆண்டு விசுவாசம் என்று வழக்கமான படங்களும் ஓடின. ‘முத்து எடுத்தவனைப் பத்தி இத்தனை சிலைடு, உப்பு எடுக்கிறவனுக்கு ஒண்ணு கூட இல்ல பாத்தியா’ என்று நீ ஒருமுறை என் காதில் சொன்னது நினைவுக்கு வந்தது. இப்போது உப்பு எடுக்கிறவள் மகனுக்கும் ஒரு சிலைடு கிடைத்துவிட்டது. அதற்கு நீ சாக வேண்டியிருந்தது.

அருவருப்பான சேதியைக் கடைசியில் வைத்திருக்கிறேன். அந்தப் பெரிய தூம்பாவைக் கழுவியிருக்கிறார்கள். வெல்வெட்டைப் பிய்த்துப் போட்டுவிட்டு, மரத்தை இழைத்து, புதுப் பாலீஷ் போட்டு, பாதரைக் கூப்பிட்டுத் தீர்த்தம் தெளித்து மந்திரித்திருக்கிறார்கள். உன் மாமாதான் சொன்னார். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. நாம் படித்த பாடம்தானே அது! ‘தூய்மைச் சடங்குகள்.’ பழங்குடிகளின் நம்பிக்கை என்று பாடம் நடத்தினார்கள். எந்தப் பழங்குடி? கார் வைத்திருக்கிறவர்கள். பிள்ளைகளைக் கனடாவில் படிக்க வைப்பவர்கள். ஒரு முக்கு தூரம் அதில் நீ படுத்திருந்தாய். அதற்கு மரத்தையே இழைத்திருக்கிறார்கள்.

அதோடு விட்டார்களா? கமிட்டியிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் புகார். மாணவர்கள் ஊர் மரபை அவமதித்துவிட்டார்களாம். சார் என்னைக் கூப்பிட்டார். நஸீர் பெயர் வெளியே வந்தால் அது வேறு மாதிரிப் பிரச்சினை ஆகிவிடும், அதனால் நீ மட்டும் எழுது என்றார். அக்கறையாம்.

“ரெண்டே வரி, செந்தில். தெரியாம நடந்துடுச்சு, வருந்துகிறோம். நீ தெரியாமதானே எடுத்தே? பொய் ஒண்ணும் இல்லையே?”

“எழுதலன்னா?”

“ஜூனியர்ஸோட ஃபீல்டு ஒர்க் போயிடும். உன் ப்ராஜெக்ட்டுக்கு நான் எந்த முகத்தோட கையெழுத்துப் போடறது? அப்புறம் அந்தப் பையனோட அம்மாவையும் யோசி. கல்லறைத் திருநாள் பூசையில இந்த வருஷம் செத்தவங்க பேரை வாசிப்பாங்க. அவன் பேரை வாசிக்கணும்னா லெட்டர் வரட்டும்னு சொல்றாங்க.”

என் ப்ராஜெக்ட் போனால் போகட்டும் என்று சொல்லிவிட முடியும். உன் பெயரை அப்படிச் சொல்ல முடியவில்லை. அது உன் அம்மாவுடையது. அவள்தான் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன்.

வீட்டு வாசலில் மழைத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. செங்கல் போட்டு வைத்திருந்தாள். அதன் மேல் கால் வைத்துத்தான் உள்ளே போனேன். உன் சட்டை இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது. உப்பு வெட்டி வெட்டி உன் அம்மாவின் பாதம் வெடித்திருப்பதைப் பற்றி நீ ஒரு நாளும் சொன்னதில்லை.

நான் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் அவள் முதலில் திட்டினாள்.

“நீங்க ஏன் மக்கா அதைத் தூக்கிட்டு வந்திய? அந்தப் பழசைத் தூக்கிருந்தா எம்புள்ளைய நடுத்தெருவுல போட்டு மாத்திருப்பாவளா? பொணத்தைக் காய்கறி மாரி அள்ளி வச்சாவளாமே. செத்தும் அவனுக்கு நிம்மதி இல்லாமப் பண்ணிட்டியளே.”

அவள் சொன்னது உண்மை. நாங்கள் தப்பான பெட்டியை எடுத்ததால்தான் உன் கால் தெருவில் தெரிந்தது. எத்தனை நியாயம் பேசினாலும் அது அப்படியேதான் இருக்கும்.

காப்பி போட்டுக் கொடுத்தாள். கருப்பட்டிக் காப்பி. குடித்து முடிக்கும்வரை மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, என்னைப் பார்க்காமல், மெதுவாகக் கேட்டாள்.

“உள்ள மெத்தை இருந்துச்சா?”

எனக்கு முதலில் புரியவில்லை.

“அந்தத் தூம்பாவுல. உள்ள எப்படி இருந்துச்சு? நாங்க யாரும் பாத்ததில்ல. மூடித்தான் கொண்டு போவாவ. அன்னைக்கு என் வீட்டு வாசல்லயே இருந்திருக்கு, எனக்குத்தான் கண்ணு தெரியல.”

“இருந்துச்சும்மா. வெல்வெட்டு. நீலக் கலர். ஓரத்துல சரிகை.”

“தலைக்கு?”

“தலைக்கும் சின்னதா ஒண்ணு இருந்துச்சு.”

“அப்போ முக்கு வரைக்கும் நல்லாத்தான் படுத்துட்டுப் போயிருக்கான்” என்றாள்.

சகாயம், நாம் படித்த எந்தப் பாடத்திலும் இது இல்லை. ஒரு தாய்க்கு மோட்சம் வேண்டாம், உயிர்த்தெழுதல் வேண்டாம். பிள்ளையின் தலைக்கு அணை இருந்ததா என்று தெரிந்தால் போதும். அதையும் ரகசியம் போலக் கேட்க வைத்திருக்கிறார்கள் இந்தப் பாவிகள்.

“லெட்டர் எழுதிக் குடுத்துரட்டாம்மா?” என்றேன். “பேரை வாசிப்பாவளாம்.”

உன் அம்மா சட்டென்று திரும்பினாள்.

“எழுதாத. தப்புன்னு எழுதிக் குடுத்தா, அவன் அதுல போனது இல்லன்னு ஆயிரும்லா? வெல்வெட்டைப் பிச்சுட்டாவ, மரத்தை எழைச்சுட்டாவ. இதையும் நீ அழிச்சிராத. போனான்லா எம்புள்ள? முக்கு வரைக்கும் போனான்லா?”

“பேரு?”

“அவிய வாசிச்சுத்தான் ஆண்டவருக்கு அவன் பேரு தெரியணுமோ? ஞானஸ்நானத்துல வச்ச பேரு. அவருக்குத் தெரியும்.”

“உங்களை ஏதாவது பண்ணிருவாவளோன்னுதான்...”

“என்னை என்ன செய்வாவ? இருக்கிறது கடைசித் தெரு. அதுக்கு அங்கிட்டு உப்பளம். இன்னும் எங்க தள்ளுவாவ?” என்றவள் கொஞ்சம் சிரித்தாள். சிரித்தால் அப்படியே நீ. வாசல் வரை வந்து, “செங்கல்ல வழுக்கும், பாத்துப் போ மக்கா” என்றாள்.

பஸ்ஸில் வரும்போது முடிவு செய்துவிட்டேன். சாருக்குச் சொல்லியும் விட்டேன். என் ப்ராஜெக்ட் தலைப்பை மாற்றிக் கொடுத்திருக்கிறேன்: இந்தக் கரையில் எந்தெந்த ஊரில் எத்தனை தூம்பா, எத்தனை சுடுகாடு, எங்கெங்கே சுவர். கோவில், சர்ச், எதையும் விடப் போவதில்லை. எங்கள் ஊரிலிருந்துதான் தொடங்குகிறேன். அப்பா கடையில் சோறு கிடைக்காமல் போகலாம். சார் தலைப்பைப் படித்துவிட்டு, “இது ரிலிஜன் இல்லப்பா” என்றார். “தெரியும் சார், மாடிக்குக் கொண்டு போறேன்” என்றேன். உன் வாய் எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாடியிலும் வேண்டாம் என்றால் பட்டம் இல்லாமலே எழுதுவேன்.

கல்லறைத் திருநாளுக்கு நஸீரும் நானும் வருகிறோம். பூசையில் உன் பெயரை வாசிக்க மாட்டார்கள். வெளியே அந்த முக்கில் நின்று நாங்கள் வாசிப்போம். உபதேசியாருக்கும் கேட்கிற மாதிரி, மாடியில் படம் பிடித்த பையனுக்கும் கேட்கிற மாதிரி. பிறகு அந்தச் சுவருக்கு உன் பக்கம் வந்து மெழுகுவர்த்தி ஏற்றுவோம். காற்று அடித்தால் திரும்ப ஏற்றுவோம். இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு.

கமிட்டிக்கும் கடிதம் எழுதிவிட்டேன். சார் கேட்ட மாதிரி இரண்டே வரி. உன் அம்மாவிடம் போனில் வாசித்துக் காட்டி, சரி என்று சொன்ன பிறகுதான் தபாலில் போட்டேன்.

‘அன்று அந்தத் தூம்பாவைத் தெரியாமல் எடுத்தோம். இனித் தெரிந்தே எடுப்போம்.’

உன் அம்மா என்னை ‘மக்கா’ என்று பிள்ளையைப் போல் கூப்பிட்டுவிட்டாள்,
அந்த உரிமையில்,
உன் தம்பி
செந்தில்